முடியல அத்தை

எங்கள் தோட்டத்துப் பெண்களில் எல்லோரையும்விடப் பலசாலி அவள்தான். 'முடியல' என்ற சொல்லை எல்லோரையும்விட அதிகமாகச் சொன்னவளும் அவள்தான்.

ரப்பர் பால்வெட்டுக்கு ஆள் குறைந்த நாட்களில் அவளை மரத்துக்கு அனுப்புவார்கள். தோளில் காண்டாக் கம்பு, அதன் இரு முனையிலும் நிறைந்த பால் வாளிகள். மேட்டு மரங்களிலிருந்து பால் ஸ்டோர் வரைக்கும் ஒரு சொட்டு சிந்தாமல் இறங்கி வருவாள். ஆண்களே நடுவில் ஓரிடத்தில் வாளியை இறக்கிவைத்துத் தோள் மாற்றிக்கொள்வார்கள். அவள் இறக்குவதில்லை. அதே ஆள், சந்தையிலிருந்து நாலு பேரோடு திரும்பி வரும்போது, பெரிய சாலையிலிருந்து லயத்து வீடுகளுக்கு ஏறும் சின்ன மேட்டில் பொத்தென்று குந்திவிடுவாள். "முடியலடா சாமி. செத்த இருங்க, மூச்சு வாங்குது" என்பாள். கூட வந்தவர்கள் சலித்துக்கொண்டே உட்காருவார்கள்.

விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், பேர் எழுதும் கிராணி கூப்பிடும்போது அவளுக்கும் எல்லோரையும் போல ஒரு பெயர் இருந்தது. அந்த ஒரு நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அவள் 'முடியல அத்தை'தான். கங்காணி முதல் கைக்குழந்தை வரை அப்படித்தான். எங்களுக்கு அவள் இரத்த உறவு இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து மலாயாவுக்கு வந்த கப்பலில் என் அம்மாவுக்குப் பக்கத்தில் பாய் விரித்தவள். கப்பல் உறவு என்றால் எங்கள் தோட்டத்தில் கூடப்பிறந்ததற்கு ஒரு படி கீழே. சண்டை வந்தால் ஒரு படி மேலே.

அவளுடைய கணவர் புகைக்கூடத்தில் வேலை பார்த்தார். ரப்பர் பாய்களைக் கொடியில் போட்டுப் புகை காட்டிக் காட்டி, அவருடைய பேச்சும் காய்ந்துபோயிருந்தது. நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அத்தை எங்கே எப்போது "முடியல" என்றாலும் மாமா முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல், "ஆமா, அவளுக்கு முடியாது" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. புருஷனே சாட்சி சொல்கிறபோது யார் மறுத்துப் பேசுவது?

களையெடுப்பில் பெண்களை வரிசையாக நிறுத்துவார்கள். ஆளுக்கு ஒரு நிரை. எல்லோரும் ஒன்றாகக் குனிந்து ஒன்றாக முன்னேற வேண்டும். யார் பின்தங்குகிறாளோ அவள் தலையில், வேலை வாங்கும் மண்டோரின் வசவு விழும். அவர் கத்துவதற்கு ஒரே ஒரு ஆள் போதும், கடைசி ஆள். அந்தக் கடைசி இடத்தை அத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

"ஏம்மா, ஆளப் பாத்தா ஆனை மாதிரி இருக்க. நிரையப் பாத்தா நத்தை ஊர்ந்த மாதிரி இருக்கு."

"ஆனைக்கும் மூச்சு வாங்கும்லா மண்டோரய்யா."

"காலைல என்னத்தத் தின்ன?"

"நீங்க திட்டுவீங்கன்னு நெனச்சுத் தின்னது எறங்கல."

பெண்கள் சிரிப்பார்கள், மண்டோருக்கும் சிரிப்பு வரும், வசவு பாதியில் நின்றுவிடும். அத்தைக்குப் பக்கத்து நிரையில் அன்று யார் இருக்கிறாள் என்று அவர் பார்த்ததே இல்லை. ஒருநாள் மாசமாக இருப்பவள். ஒருநாள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கண் மூடாதவள். ஒருநாள் புதிதாகக் கப்பலில் வந்து கொப்புளம் ஆறாதவள். இவர்களெல்லாம் கடைசிக்கு முந்திய ஆள். கடைசிக்கு முந்திய ஆளை யாரும் திட்டுவதில்லை.

நானும் பார்த்ததில்லை. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான். சிரம்பானில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய் ஒருவர் வீட்டில் தங்கி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தேன். சனிக்கிழமை ஊருக்கு வந்தால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடையடியில் உட்கார்ந்து தமிழ்ப் பத்திரிகையை உரக்க வாசிப்பேன். சுற்றிலும் பத்து இருபது பேர் உட்கார்ந்து கேட்பார்கள். நான் நல்ல வேகமாக வாசிப்பேன். வேகமாக வாசிப்பதுதான் படிப்பு என்று நம்பிய வயது. ஒவ்வொரு பத்திக்கும் அத்தை கையைத் தூக்குவாள்.

"எனக்குப் புரியல மருமவனே. திரும்ப ஒருக்கா சொல்லு. மெதுவா."

நான் பெருமூச்சு விட்டுத் திரும்ப வாசிப்பேன். சட்டசபை என்றால் என்ன, ஜப்பான் எந்தப் பக்கம் என்று கையால் திசை காட்டி விளக்குவேன். நான் விளக்கும்போது அவள் தன் சுருக்குப் பையில் பாக்கைத் தேடிக்கொண்டிருப்பாள். மற்ற எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த அத்தைக்கு மண்டையில் ஒன்றும் ஏறாது என்று அம்மாவிடம் குறைப்பட்டேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, "அவளுக்கு ஏறாதுதான்" என்றாள். அம்மாவின் வாயோரம் துடித்ததை அப்போது நான் இருமல் என்று நினைத்தேன்.

அக்காவின் கால் விஷயம் வந்த பிறகுதான் எனக்கு இதெல்லாம் விளங்கியது.

அக்காவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்த கையோடு குளிர்காய்ச்சல் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் கசப்பு மருந்தாகக் குடித்து, போர்வைக்குள் நடுங்கி, பிழைத்து வீடு வந்தபோது கால்கள் இரண்டும் கம்பாகப் போயிருந்தன. டிரெசர் அய்யா, "கொஞ்சம் கொஞ்சமா நடக்கவிடு, சரியாயிரும்" என்றார். ஆனால் லயத்து வாசலில் அக்கா காலெடுத்து வைத்தால் அத்தனை கதவிலும் ஒரு தலை முளைக்கும். அதனால் அவள் நடப்பதையே விட்டுவிட்டாள்.

பேச்சு தோட்டத்தைத் தாண்டிப் போய்விட்டது. மாப்பிள்ளை வீடு ஆற்றோரக் காட்டுக்கு அந்தப் பக்கம், அடுத்த தோட்டத்தில். மாப்பிள்ளை அங்கே பால்வெட்டுக்காரர். அவருடைய அம்மா ஆளனுப்பிச் சொன்னார்: "எங்க வீடு ஒழைக்கிற வீடு. விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்கு நிக்கணும். நடக்க முடியாத பொண்ண வெச்சு நான் என்னா செய்யறது? ஆடிக் கூழுக்குக் கூட்டிட்டு வாங்க. ரிசர்வு வழியா நடந்தே வரட்டும். பாத்துட்டுச் சொல்றேன்."

அக்கா அதை உள்ளேயிருந்து கேட்டாள். அந்த மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருந்தது. ஒருமுறை திருவிழாவில் பார்த்ததுதான். பிடித்திருந்தது என்று அவள் சொன்னதும் இல்லை. ஆனால் அந்தச் சொல் வந்த அன்று அவள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டதிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மாட்டுவண்டியில் சாலை சுற்றிக் கூட்டிப்போகலாம் என்று ஐயா, எங்கள் அப்பா, சொன்னார். "வண்டியில போய் எறங்கினா அப்படியே ஏத்தித் திருப்பி அனுப்பிருவாங்க" என்றாள் அம்மா.

ரிசர்வு என்று நாங்கள் சொன்னது ஆற்றோரமாக அரசாங்கம் வெட்டாமல் விட்டுவைத்த காடு. எங்கள் பால்மரங்கள் பெரட்டுக்கு நிற்பதுபோல நேர்கோட்டில் வந்து, ஓர் எல்லைக்கல்லோடு சட்டென்று நின்றுவிடும். கல்லைத் தாண்டினால் எந்த மரமும் எந்த மரத்துக்கும் கட்டுப்பட்டதல்ல. ஒன்று ஆற்றின் மேல் சாய்ந்து படுத்திருக்கும், ஒன்று இன்னொன்றின் கழுத்தைச் சுற்றியிருக்கும். உள்ளே போனதும் வெயில் பின்தங்கிவிடும். ஆறு தேயிலைத் தண்ணீர் நிறத்தில் கூடவே வரும். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மூங்கில் புதர், அப்புறம் ஆற்றில் விழும் சிற்றோடை, அதன் மேல் ஒரு மரத்தடிப் பாலம், அப்புறம் ஒரு வழவழத்த பாறை. எதிர்க்கரையில் மலாய்க் கம்பத்துக் கிராமத்தார் வயலுக்குத் தண்ணீர் ஏற்ற மூங்கிலால் செய்த பெரிய சக்கரம் ஒன்று ஆற்று வேகத்திலேயே சுற்றி முனகிக்கொண்டிருக்கும். எல்லைக்கல்லில் வாயில் போட்ட வெற்றிலை சாறு தீர்வதற்குள் அந்தப் பக்கத்துத் தோட்டம் வந்துவிடும். கூடையும் குழந்தையுமாகப் பெண்கள் தினம் போய்வரும் வழி அது. எங்கள் அக்காவுக்கு மட்டும் அன்று அது பினாங்கு தூரம்.

பயிற்சி கொடுக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்துச் சுகாதாரப் புத்தகத்தில் தேகாப்பியாசம் பற்றி ஒரு பாடம் இருந்தது. நிமிர்ந்து, மூக்கால் மூச்சு விட்டு, நிற்காமல் நடக்க வேண்டும் என்று போட்டிருந்தது. நான் புதிதாக வாங்கிய கித்தான் சப்பாத்தும் முழங்கால் காலுறையும் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தேன். பின்னால் அக்கா. அவளுக்குப் பின்னால், யாரும் கூப்பிடாமலே வந்து சேர்ந்த அத்தை.

மூங்கில் புதர் வருவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"முடியல மருமவனே. செத்த ஒக்காருவோம்."

உட்கார்ந்தோம். மறுபடி கிளம்பினோம். பாலம் வருவதற்குள் மறுபடி.

"எனக்கு இந்த முழங்காலு சொன்னபடி கேக்கல. ஏ புள்ள, நீயும் ஒக்காரு, நான் தனியா ஒக்காந்தா வழியில போறவன் சிரிப்பான்."

அடுத்த ஞாயிறும் அப்படியே. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அத்தை, நீங்க வீட்டுலயே இருங்க. புத்தகத்துல நிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. உங்களாலதான் அக்கா நடை கெட்டுப்போவுது."

"சரி மருமவனே. அடுத்த வாரம் வரல. இன்னைக்கு வந்து தொலைச்சிட்டேன்ல, ஒக்கார விடு."

"காண்டா தூக்கும்போது மட்டும் முழங்கால் சொன்னபடி கேக்குதா?"

"அதுக்குச் சம்பளம் குடுக்கறாங்கல்ல, கேக்கும்."

அக்கா சிரித்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் சிரித்து நான் அன்றுதான் கேட்டேன். கோபத்தோடு திரும்பியவன் அவள் கையைக் கவனித்தேன். சேலைக்கு அடியில், யாருக்கும் தெரியாமல், தன் கெண்டைக்காலை இரண்டு கையாலும் அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். நெற்றியில் வேர்வை. கண்களில், கேட்காமல் கிடைத்ததை வாங்கிக்கொண்ட நிம்மதி. அத்தை அந்தப் பக்கமே பார்க்காமல் ஆற்றைப் பார்த்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு பொட்டு வேர்வைகூட இல்லை.

எனக்குக் களையெடுப்பு நிரை, பத்திரிகை, சந்தை மேடு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. சந்தை மேட்டில் அவள் குந்தும் நாட்களிலெல்லாம் கூட வந்தவர்களில் ஒரு கிழவரோ, தலையில் அரிசி மூட்டை சுமந்த ஒரு பெண்ணோ இருப்பார்கள். நான் சப்பாத்தைக் கழற்றினேன். காலுறைக்குள் அட்டைகள் தங்கள் விருந்தை முடித்து உருண்டு கிடந்தன. "பாத்தியா, நிக்காம நடந்தா இதுதான்" என்றாள் அத்தை. அதற்குப் பிறகு நான் புத்தகம் பேசவில்லை. அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை என்று சொன்னபோது நானே போய் அழைத்து வந்தேன்.

ஆடி ஞாயிறு வந்தது. ஐயா, அம்மா, அக்கா, நான், அத்தை, மாமா. எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் காட்டிலாகா காவலரான மலாய்க்காரர், பாக்சிக் என்று நாங்கள் கூப்பிடுபவர், தன் குடிசை முன் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் அத்தையிடம், "பெனாட்?" என்று கேட்டார். களைப்பா என்று அர்த்தம். அவளைப் பார்த்தால் அவர் கேட்கும் ஒரே கேள்வி அது. "இன்னும் நடக்கவே இல்லலா, அதுக்குள்ள என்னா கேள்வி" என்றாள் அத்தை.

மூங்கில் புதரில் ஒரு தரம் அவளுக்கு முடியாமல் போனது. அதுவரை சரி. ஆனால் மூங்கிலைத் தாண்டிய வளைவில், வரவேற்க வந்ததுபோல மாப்பிள்ளையின் அம்மா நின்றுகொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, கொண்டையில் கதம்பம், எதையும் இரண்டு தரம் பார்க்கத் தேவையில்லாத கண். எங்களை வாங்க என்று சொல்லிவிட்டு அவர் பார்த்தது அக்காவின் பாதங்களை.

"நடங்க, நடங்க. நான் பின்னால வரேன்" என்றார்.

அக்கா முன்னால் நடந்தாள். முதுகு நேராக இருந்தது. சேலை மடிப்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. மிச்சமிருந்தது பாதி வழி. அந்தப் பாதிக்குள் அவளுடைய கல்யாணம் இருந்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில் அவள் கால் இழுக்கத் தொடங்கும் என்று எனக்குத் தெரியும். எங்கே இழுக்கும் என்றுகூடத் தெரியும். அந்த இடத்துக்கு நாலு எட்டு முன்னால் அத்தை பொத்தென்று ஒரு வேரில் உட்கார்ந்தாள்.

"ஐயோ, முடியல."

"ஆமா, அவளுக்கு முடியாது" என்றார் மாமா.

மாப்பிள்ளையின் அம்மா இடுப்பில் கை வைத்தார். "இந்தம்மா என்னா, பொண்ணு வீட்டுக்காரங்களா? நாலு எட்டு வெக்கறதுக்குள்ள ஒக்காருது?"

"கப்பல் ஒறவு மதனி. ஒடம்புதான் பெருசு, உள்ள ஒண்ணுமில்ல" என்றாள் அத்தை.

"பாத்தாலே தெரியுது. தின்னது எல்லாம் எங்க போவுது?"

"அதான் எனக்கும் வெளங்கல."

அக்கா மரத்தில் சாய்ந்து நின்றாள். கால்கள் ஓய்ந்து மூச்சு சரியானதும் அத்தைக்கும் எழ முடிந்தது. இப்படி ஒரு ஏச்சுக்கு ஓர் ஓய்வு என்று வாங்கி வாங்கி ஓடைக்கு வந்து சேர்ந்தோம்.

அங்கே நான் நின்றுவிட்டேன். மரத்தடிப் பாலத்துக்கு ஒரு பக்கம் பிரம்பைக் கைப்பிடியாகக் கட்டியிருப்பார்கள். முந்தின வாரத்து மழை அதை அடித்துக்கொண்டு போயிருந்தது. கீழே முழங்கால் ஆழம்தான். விழுந்தால் உயிர் போகாது. ஆனால் அந்த ஈரத் தடியில் அக்கா பிடிமானம் இல்லாமல் நடக்க முடியாது. நான் கையைப் பிடித்தாலோ, ஐயா தூக்கிவிட்டாலோ, பார்க்க வந்தவர் பார்த்துவிடுவார். அக்கா தடியின் முனையில் நின்று தண்ணீரைப் பார்த்தாள்.

"ஆத்தா! என்னியப் புடிச்சுக்க! தல சுத்துது! விழுந்துருவேன்!"

அத்தை போட்ட கூச்சலில் எதிர்க்கரை மரத்திலிருந்து குரங்குக் கூட்டம் ஒன்று கலைந்து ஓடியது. பாய்ந்து வந்து அக்காவின் முழங்கையைப் பற்றிக்கொண்டாள். "விட்றாத புள்ள, விட்றாத. எனக்குப் பாலம்னாலே பயம். நீ முன்னால போ. நான் ஒன்னியப் புடிச்சுக்கிட்டே வரேன். ஐயோ, மெதுவா! நான் விழுந்தா ஆத்துக்குத்தான் சேதம்!"

இரண்டு பேரும் தடியில் ஏறினார்கள். கண்ணை மூடிக்கொண்டு அலறும் பெரிய உடம்பு ஒன்றை, நோஞ்சான் பெண்ணொருத்தி அங்குலம் அங்குலமாக அழைத்துப் போனாள். எனக்கு மட்டும் தெரிந்தது: அக்காவின் முழங்கைக்கு அடியில் இருந்த அந்தக் கை, நிறைந்த வாளியைத் தூக்கும் கை. அக்காவின் பாதம் ஒருமுறை வழுக்கியது. அவள் உடம்பு இறங்கவில்லை. காற்றில் ஒரு நொடி நின்று மறுபடி தடிமேல் வைக்கப்பட்டது. அதே நொடியில் அத்தை இரண்டு மடங்கு அலறினாள்.

அக்கரை போனதும் அத்தை தரையில் உட்கார்ந்து, "இந்தப் புள்ள இல்லாட்டி நான் இன்னைக்குக் கடலுக்குப் போயிருப்பேன்" என்று கும்பிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா கடைசியாகப் பாலத்தைக் கடந்து வந்து, அக்காவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். அந்தப் பார்வை கொஞ்சம் நீண்டது.

"தெம்பான பொண்ணுதான்" என்றார். "வாங்க, கூழ் ஆறிரும்."

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பந்தியில் அத்தைக்கு "முடியாமல்" போய், மாமா வீட்டுக் கூச்ச சுபாவக் கிழவி ஒருத்தியைத் துணைக்கு உட்காரவைத்துக்கொண்டு மூன்றாம் பந்தியிலும் சாப்பிட்டதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தக் கிழவி முதல் இரண்டு பந்தியிலும் உட்காரக் கூச்சப்பட்டு ஒதுங்கி நின்றவள்.

பிறகு ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்தபோது, அத்தையும் மாமாவும் லுக்குட் பக்கம் ஒரு சின்னத் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். நான் இப்போது சிரம்பானில் வாத்தியார். வகுப்பில் ஒரு பையன் புரியாமல் விழித்துக்கொண்டு, கேட்கவும் வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தால், "எனக்கே இது சரியா வெளங்கல, திரும்ப ஒருக்கா பாப்போம்" என்று சொல்கிறேன். தலைமை ஆசிரியருக்கு என் கல்வியைப் பற்றிச் சந்தேகம் வந்திருக்கிறது. போகட்டும். லுக்குட் சந்தைக்குப் போய்வந்த ஒருவர் போன மாதம் சொன்னார்: அங்கேயும் ஒரு பெரிய உடம்புக்கார அம்மா, சந்தை வழியில் எல்லோரையும் உட்காரவைக்கிறாராம். பெயர் தெரியவில்லையாம். எனக்குத் தெரியும்.

அவள் லுக்குட் போவதற்கு முந்திய ஒரு ஞாயிறுதான் இன்னும் சொல்ல வேண்டியது.

அக்காவின் மூத்த பிள்ளை நடக்கத் தொடங்கியிருந்தான். அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்கு விருந்து போய்விட்டு, மத்தியானம் தாண்டித் திரும்பிக்கொண்டிருந்தோம். அக்கா பிள்ளையோடு எங்களை வழியனுப்ப வந்தாள். சம்பந்தியம்மாவும் வந்தார்; அத்தையோடு பேச்சுக்குப் பேச்சு கொடுக்காவிட்டால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை செரிக்காது. புதிதாகப் பிரம்பு கட்டிய பாலத்தைக் கடந்து, வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்த பாதையில் எல்லோரும் வயிறு நிறைந்து மெல்ல நடந்தோம். தண்ணீர்ச் சக்கரம் முனகிக்கொண்டிருந்தது.

"முடியல" என்றாள் அத்தை. வழியோரத்து வேரில் உட்கார்ந்தாள்.

நாங்கள் எல்லோரும் நின்று, பழக்கத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா ஐயாவைப் பார்த்தாள். ஐயா என்னைப் பார்த்தார். நான் குழந்தையைப் பார்த்தேன். அவன் ஒரு குச்சியால் எறும்பை விரட்டிக்கொண்டிருந்தான்.

"யாருக்கு முடியல?" என்று கேட்டார் சம்பந்தியம்மா. "எனக்கொண்ணும் இல்லலா. ஏன் மதனி, ஒங்களுக்கா?"

"எனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள் அம்மா.

"அப்ப யாருக்காக ஒக்காருது இது? இந்தா, எந்திரி. எங்கிட்டயே வித்தை காட்டுறியா? அன்னைக்குப் பாலத்துல யாரு யாரத் தாங்குனாங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? மருமவளுக்காக இவ்வளவு பெரிய பொய்ய இவ்வளவு சத்தமாச் சொல்ற சனம் இருக்கேன்னுதான் பொண்ணையே எடுத்தேன். எந்திரிம்மா, நாடகம் போதும்."

ஐயா விழுந்து விழுந்து சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நாலு எட்டு நடந்தும் விட்டோம். அக்கா மட்டும் நின்றுவிட்டாள். அவள் அத்தையைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எப்போதும் "ஆமா, அவளுக்கு முடியாது" என்று சொல்லும் மாமா ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த தூக்குச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தையின் மேலுதட்டில் வேர்வை பூத்திருந்தது. வாயில் வெற்றிலை இருந்தது, மெல்லவில்லை. எங்கள் சிரிப்புக்கு ஈடாக அவளும் சிரிக்கப் பார்த்தாள். அது சரியாக வரவில்லை. இன்னொருவருக்காக முடியவில்லை என்று சொல்லும்போது அவளுக்கு எத்தனை பேச்சு வரும்! தனக்கு என்று வந்தபோது அந்த ஒரு சொல்லுக்கு மேல் வரவில்லை.

அக்கா திரும்பி நடந்து போய் அத்தைக்குப் பக்கத்தில், அதே வேரில், இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எனக்குத்தான் முடியல" என்றாள் எங்களைப் பார்த்து. "காலு இழுக்குது. செத்த ஒக்காந்துட்டுத்தான் வருவேன். அவசரம்னா நீங்க போங்க."

அவள் கால் அன்று எங்கள் எல்லோருடைய காலையும்விட நன்றாக இருந்தது. விடியுமுன் பால் வெட்டி, பிள்ளையைத் தூக்கி, விருந்து சமைத்த கால்.

சம்பந்தியம்மாவின் இரண்டாம் தரம் பார்க்காத கண் எல்லாவற்றையும் ஒரே தரத்தில் பார்த்துக்கொண்டது. "எனக்கும் இடுப்பு விட்டுப்போச்சு" என்று சொல்லி அவர் எதிரே சப்பணம் போட்டார். மடியிலிருந்து ஓலை விசிறியை எடுத்துத் தனக்கு விசிறிக்கொள்வதுபோல அத்தைக்கு விசிறினார். அம்மாவுக்குச் செருப்பு கடித்தது. ஐயாவுக்குச் சாப்பாடு அதிகமாகிப்போனது. நான் சப்பாத்தைக் கழற்றி, இல்லாத அட்டையைத் தேடினேன். மாமா ஆற்றில் துண்டை நனைத்துப் பிழிந்துகொண்டு வந்து மனைவியின் பிடரியில் போட்டார்.

ரோந்து வந்த பாக்சிக், பாதையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எங்கள் கூட்டத்தைப் பார்த்து நின்றார். வழக்கமான கேள்வியைக் கேட்க அத்தையைப் பார்த்தவர், கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒரு மரத்தடியில் சாய்ந்தார்.

"பெனாட்" என்றார். தனக்குத்தான் களைப்பாம்.

அத்தை எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் வந்துகொண்டிருந்தது. அடைத்துவைத்திருந்த வெற்றிலையை மென்று, ஓரமாகத் துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னாங்கடி இது," என்றாள், "ஊரே சோம்பேறியாப் போச்சு?"

எதிர்க்கரையில் சக்கரம் தண்ணீரை மொண்டு மொண்டு வயலுக்கு ஊற்றிக்கொண்டிருந்தது. பிள்ளை எறும்பை விட்டுவிட்டு வந்து அத்தையின் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டான். நிழல் ஆற்றைப் பாதி தாண்டியது. பாக்சிக் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தார். அத்தை தானாக எழுந்து, சேலையைத் தட்டி, "சரி, நடங்க" என்று சொல்லும்வரை எங்களில் ஒருவருக்கும் முடியவில்லை.